என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

அன்புள்ள எங்கள் வரிசைக்காரர்களுக்கும், தெரிந்தும் தெரியாமலும் உதவிய மற்றவர்களுக்கும் வணக்கம்.

கால் முறிந்து ஆஸ்பத்திரியிலும் மகள் வீட்டிலும் மூன்று மாதம் இருந்துவிட்டு, சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் மனைவியும் வீடு வந்து சேர்ந்தோம். கேட்டைத் திறந்தால், நான் வைக்காத ஒரு செடி வாசலில் நிற்கிறது. அடீனியம் இருந்த பெரிய மண்தொட்டியில், முழங்கால் உயரத்துக்கு, இஞ்சி இலை மாதிரி இலையோடு. கந்தான். ஆசாம் லக்சா என்கிற புளிப்பு மீன் நூடுல்ஸில் பொடியாக நறுக்கிப் போடுவார்களே, அந்தப் பூச்செடி. என் அடீனியம் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். எதிர்வீட்டு வாசலில் நின்ற மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், என் காலைக் கூடப் பார்க்காமல் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் நன்றி சொல்லப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மூலைவீட்டுப் பிள்ளை இதை மலாயில் சொல்லிக் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். கூலி ஒரு கட்டு முருங்கைக்காய். அதுவும் அவள் அம்மா வைக்கும் சாம்பாருக்கு. அவள் முருங்கைக்காயைத் தொடமாட்டாள்.

அந்த முருங்கையால்தான் எல்லாம். மாட்டுப்பொங்கல் அன்று, மாடே இல்லாத வீட்டில், சும்மா இருக்க முடியாமல் பின்பக்கத்து முருங்கைக் கிளையைக் கழிக்கப் போனேன். மரத்தில் ஏறவில்லை. முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது என்று எனக்கும் தெரியும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல்தான் நின்றேன். ஸ்டூலின் ஒரு கால் சாக்கடை ஓரத்துப் பாசியில் நின்றதை மட்டும் பார்க்கவில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. சத்தம் கேட்டு முதலில் வந்தவர் பக்கத்துவீட்டுச் சீனப் பெரியவர் ஆ பேக். வயது 74. ஒரு காலில் என் வீட்டுச் செருப்பு, இன்னொன்றில் அவர் செருப்பு. 999-க்குப் போன் போட்டுவிட்டு, என்னைத் தூக்கப் பார்க்காமல், உள்ளேயிருந்து குடையை எடுத்துவந்து என் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணி வெயில். ஆம்புலன்ஸ் வரும்வரை கை மாற்றி மாற்றிப் பிடித்தாரே தவிர இறக்கவில்லை. நான் வலியில் கத்தும்போதெல்லாம் "சாபார், சாபார்" என்றார். பொறுத்துக்கொள் என்று. ஆ பேக், அந்தக் குடைக்கு முதல் நன்றி.

என்னைத் தெரியாதவர்களுக்காக: 31 வருஷம் ஃபெரியில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவில் உள்ள அந்த 3 கிலோமீட்டர் கடலை எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்பேனோ, கடலைப் பார்த்தது கொஞ்சம்தான். கீழே சூடும் எண்ணெய் வாடையும் இரைச்சலும். பென்ஷன் வந்த பிறகு டாக்டர் காலையில் வெயிலில் நில்லுங்கள் என்றார். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் கையில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டேன். பத்து வருஷம் ஆகிறது. முன்னால் கார் நிற்க வேண்டிய இடத்தில் தொட்டிகள், பின்னால் சாக்கடை ஓரமாக ஆறடி மண். அவ்வளவுதான். எங்கள் ஊரில் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம்தான், அதாவது ரப்பர் தோட்டம்; கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் இதைத் தோட்டம் என்று சொன்னால் என் அம்மா சிரிப்பார். ஆனால் இங்கே நிற்கும் கறிவேப்பிலை தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர் வரிசை வீட்டில், அம்மாவின் வாசலில் நின்ற மரத்தின் வேர்க்கன்று. அதனால் நான் தோட்டம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

விழுந்த நேரம் கெட்ட நேரம். ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள். தொட்டிச் செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை என்றால் தலை தொங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஆணியும் தகடும் வைத்துத் தைத்தார்கள். அங்கிருந்து மகள் எங்கள் இருவரையும் நேராக ஷா ஆலாமில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். பதினான்காவது மாடி. அங்கே படுத்துக்கொண்டு நான் கேட்டதெல்லாம் "மல்லிகைக்கு யாராவது ஊற்றினார்களா" என்பதுதான். என் மனைவிக்கு ஒரே எரிச்சல். "கால் என்ன ஆச்சுன்னு கேட்கிற ஆள்கிட்ட மல்லிகையைப் பத்திப் பேசுறீங்க" என்றாள்.

ஊற்றியிருக்கிறார்கள். எப்படி ஊற்றினார்கள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. மேலே ஆயர் ஈத்தாம் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, குழாயைத் திறந்துவிட்டால் நன்றாக இருக்காது என்று மாக்சிக் முடிவு செய்திருக்கிறார். (அந்த அணை 1962-இல் கட்டி முடித்தது. வறண்ட மாதம் வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதன் மட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.) அதனால் மூன்று வீட்டு அரிசி கழுவிய தண்ணீரும் ஒரு பெயிண்ட் வாளியில் சேர்ந்தது. மாக்சிக் வீட்டுச் சியாம் அரிசி, ஆ பேக் வீட்டு அரிசி, மூலைவீட்டுப் பொன்னி. மூன்றையும் குடித்த ரோஜா என் காலத்தில் ஒரு நாளும் அப்படிப் பூத்ததில்லை. நான் கடையில் உரம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடீனியம் செத்த கதையும் இதில்தான் இருக்கிறது. நோன்பு மாதம் தொடங்கியதும் மாக்சிக் சாவூருக்கு, நோன்புக்கு முந்தின சாப்பாட்டுக்கு, எழும்போதே, விடியாத ஐந்து மணிக்கு, வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஏழு மணிக்கு மூலைவீட்டுப் பிள்ளை தன் முறைக்கு வந்து மறுபடி ஊற்றியிருக்கிறாள். மேல்மண் ஈரமாகத்தானே இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம் வராமலில்லை. பனி என்று நினைத்தாளாம். பினாங்கில் பனி! மற்றச் செடிகள் இரட்டைத் தண்ணீரைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டன. அடீனியம் பாலைவனத்துச் சாதி. அடித்தண்டு குண்டாக இருப்பதே தண்ணீரைச் சேர்த்து வைக்கத்தான். இரண்டே வாரத்தில் அடித்தண்டு விரல் வைத்தால் அமுங்கும் அளவுக்கு அழுகிவிட்டது. மாக்சிக், அந்தத் தொட்டியைப் பார்த்து இனிமேல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். விடியற்காலை ஊற்றுவதுதான் முறை, தப்பு என்று ஒன்றும் இல்லை. உங்கள் கந்தான் நன்றாக இருக்கிறது. முதல் மொட்டு வரட்டும், லக்சா உங்கள் வீட்டில்.

இப்போது அந்தப் பிள்ளையைப் பற்றி. நான்காம் படிவம் படிக்கிறாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், பின்னட்டையில் ருக்குன் நெகாரா என்கிற நாட்டுக் கோட்பாடுகள் அச்சடித்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நாளும் என்ன பார்த்தாள் என்று எழுதி வைத்திருக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. "நீங்க வந்து திட்டினா காட்டணும்ல தாத்தா" என்கிறாள். வந்த அன்று இரவு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அனுமதியோடு கொஞ்சம் இங்கே:

"ஜனவரி 27. கறிவேப்பிலையில் குருவி எச்சம் 5. துடைக்கப் போனேன். ஒன்று நகர்ந்தது. கத்திவிட்டேன். ஆ பேக் ஓடி வந்தார்."

"பிப்ரவரி 4. எச்சம் எல்லாம் பச்சைப் புழுவாக மாறிவிட்டது. 3 தான் இருக்கிறது. குச்சியால் தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வருகிறது. கெட்டுப்போன லிமாவ் (எலுமிச்சை) மாதிரி நாற்றம். திரும்ப உள்ளே போய்விட்டது. ஏழு தடவை செய்து பார்த்தேன்."

"பிப்ரவரி 9. சின்னக் கிளையில் ஒரு இலை கூட இல்லை. அம்மா மருந்து அடிக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். தாத்தா திட்டுவார். பரவாயில்லை."

"பிப்ரவரி 10. ஒன்று நூலில் சாய்ந்து கட்டிக்கொண்டு நிற்கிறது. பெல்ட் போட்ட மாதிரி. மற்ற இரண்டைக் காணோம்."

"பிப்ரவரி 21. வெளியே வந்துவிட்டது. கறுப்பு. பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. இறக்கை கசங்கி ஈரமாக இருந்தது. ரொம்ப நேரம் தொங்கிக்கொண்டே இருந்தது. டியூஷனுக்கு லேட்."

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன். பத்து வருஷமாக அந்தக் கறிவேப்பிலையில் புழுவைப் பார்த்தால் நான் செய்தது ஒன்றுதான்: இரண்டு விரலால் பிடித்து, தரையில் போட்டு, செருப்பால் ஒரு தேய்ப்பு. கொம்பு நீட்டுமா, அதற்கு ஒரு வாடை உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நீட்ட நேரம் கொடுத்தால்தானே. தோட்டத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் மட்டும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

தாயே, நான் திட்டமாட்டேன். மொட்டையான கிளையில் கணுவுக்கு இரண்டாகத் துளிர் விட்டு இப்போது குடை மாதிரி நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு, மோரில் போட, வருஷா வருஷம் நம் வீட்டுக் கறிவேப்பிலைதான் போகும். இந்த வருஷம் பந்தல் தம்பிகள் வாளியோடு வந்தபோது, புழு தின்கிறது, பறிக்கக் கூடாது என்று நீ கேட்டிலேயே மறித்து அனுப்பிவிட்டாயாம். தம்பிகளே, மன்னிக்கவும். பாசாரில் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் இரண்டு வாளி. அதற்காகவே வேர்க்கன்று ஒன்றைப் பிரித்துத் தனியாக வைத்திருக்கிறேன். எது பந்தலுக்கு, எது புழுவுக்கு என்று அவள் சொல்வாள்.

நோட்டில் இன்னொரு பக்கம். முன்வாசல் தாழ்வாரத்தில் தொங்கும் பெரணித் தொட்டியின் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. காய்ந்த புல், சிலந்தி நூல், தெருவில் கிடந்த பஞ்சு, என் பழைய பனியன் துண்டு ஒன்று, எல்லாம் சேர்த்துச் சுருக்குப் பை மாதிரி. அன்றைய தேதிக்கு நேராக அவள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது. வீடு கட்டுகிறார்கள்." பெரணி காய்ந்து சருகாகிவிட்டது. இரண்டு குஞ்சு பறந்து போயிருக்கிறது. கூடு இன்னும் தொங்குகிறது, நான் இறக்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் செத்த செடியை ஏன் தொங்கவிட்டிருக்கிறாய் என்று கேட்கிறார்கள், அது ஒரு தொல்லை.

ஆ பேக் செய்த வேலை நோட்டில் இல்லை. அவர் மத்தியானத்தில் வருகிறவர். தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை வாரம் ஒரு தடவை கவிழ்த்து, கவிழ்த்ததோடு விடாமல், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். ஏடிஸ் கொசு தட்டின் ஓரத்தில் ஒட்டும் முட்டை காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அவருக்கு 2 வருஷத்துக்கு முன் டெங்கி வந்து படாத பாடு பட்டார். அதனால் தெரிந்து வைத்திருக்கிறார். சோதனைக்கு வந்தவர்கள் என் வீட்டில் ஒரு புழு கூடக் காணாமல் போயிருக்கிறார்கள். இல்லாவிட்டால் 500 வெள்ளி (ரிங்கிட்) கம்பவுண்டு, அதாவது அபராதம், என் பெயருக்கு வந்திருக்கும்.

அந்த ஆ பேக் கொடுத்ததுதான் பகாவலியும், நிஷாகந்தி என்பார்களே, அந்தச் செடி. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் அடித்த புயல்மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விடியும்போது என் தொட்டிகளில் பாதி சாக்கடையில் மிதந்தன. மறுவாரம் ஆ பேக் ஈரத்தாளில் சுற்றிய ஒற்றை இலையைக் கொண்டுவந்து, மண்ணில் குத்து, வரும் என்றார். வந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பூக்கிறது. ஆனால் அது ராத்திரி விரிந்து விடிவதற்குள் துவண்டுவிடும் பூ. நானோ ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிற ஆள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் காலையில் நனைந்த துணி மாதிரி தொங்கும் பூதான்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மகளின் போன் அடித்தது. வீடியோ. இருட்டில் ஆறேழு பேர் என் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாக்சிக் நோன்பு மாதத்து இரவுத் தராவே தொழுகை முடித்து, நோன்பு பாசாரில் வாங்கி மிஞ்சிய குவே பலகாரத் தட்டோடு நேராக வந்திருந்தார். ஆ பேக் டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்தார். பூ அப்போது முக்கால்வாசி விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம். வெளியே மெலிந்த இதழ்கள் பின்னால் வளைந்துகொண்டே போக, உள்ளே வெள்ளை மட்டும் கிண்ணம் மாதிரி நின்றது. யாரோ நாற்காலியை நகர்த்தினால் கூட அது லேசாக ஆடியது. போனில் வாசம் வராது அல்லவா, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிள்ளை "சோப்பு மாதிரி, தாத்தா" என்றாள். மாக்சிக், இல்லை, கல்யாண வீட்டு வாசம் என்றார். ஆ பேக் மோந்து பார்த்துவிட்டு, நாளைக்கு சூப்புக்கு நல்லது என்றார். காலையில் துவண்ட பூவை உண்மையாகவே பறித்துக்கொண்டு போய் சூப் வைத்துவிட்டார். அவர்கள் பழக்கம் அது. அன்று என் மனைவியும் தூங்காமல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று பத்து வருஷமாகச் சொல்கிறவள், "மறக்காம ஒரு இலையை எனக்கு ஒடிச்சு வைக்கச் சொல்லுங்க, இங்க பால்கனியில வைக்கலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் நன்றி. பெயர் தெரியாது. அதிலும் ஷா ஆலாமில் எனக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு. முதல் நாள், கால் சரியானதும் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். குந்தி உட்கார்ந்து களை பிடுங்கணும் என்றேன். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் எழுதிக்கொண்டார். மறுவாரத்திலிருந்து பயிற்சி எல்லாம் அதற்குத் தகுந்தபடி மாறிவிட்டது: சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்குவது, முக்காலியில் உட்கார்ந்து எழுவது. இன்னும் முழுதாகக் குந்த முடியவில்லை. உயரம் குறைந்த முக்காலி ஒன்றில் உட்கார்ந்து பிடுங்குகிறேன்.

பிடுங்கக் களையும் அதிகம் இல்லை. காரணம், நான் இல்லாதபோது நல்ல மனசுக்காரர் ஒருவர் தன் செலவில் புல் வெட்டும் மிஷின் ஆளை அனுப்பி, பின்பக்கத்தைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். யார் என்று தெரியும், சொல்லமாட்டேன். மணத்தக்காளி, பசலை, குப்பைமேனி எல்லாம் தரைமட்டம். அவர் கணக்கில் அது புதர். சரி, அவருக்கும் நன்றிதான். ஆனால் கொண்டைக்குருவிகள் விடுவதாயில்லை. மணத்தக்காளிப் பழத்தைத் தின்றுவிட்டு மதிலில் உட்கார்ந்து போட்டதெல்லாம் மதிலோரமாக ஒரே வரிசையில் முளைத்திருக்கிறது. நானே கயிறு கட்டி விதைத்திருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது.

மாக்சிக்கிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். நோன்புப் பெருநாள் ரெண்டாங்குக்கு, அந்த இறைச்சிக் கறிக்கு, என் மஞ்சள் செடியின் இலையில் ஆறு பறித்ததாகச் சொல்லி, அதற்கு மன்னிப்பும் கேட்டு, ஒரு டப்பா நிறைய ரெண்டாங்கும் ஷா ஆலாமுக்கு ஆள்வசம் கொடுத்தனுப்பினீர்கள். பொங்கலுக்குப் பானையில் கொத்தோடு கட்ட நான்கு செடி பிடுங்கினேன், மீதியை அப்படியே விட்டுவிட்டேன். எங்களுக்குக் கிழங்கும் கொத்தும், உங்களுக்கு இலை. இலையை நான் இத்தனை நாள் குப்பைக்குழியில்தான் போட்டேன். இனிமேல் கேட்கவே வேண்டாம், கேட் பூட்டியிருந்தால் மதில் பக்கமாகக் கை விடுங்கள், எட்டும்.

மாக்சிக், அந்த ரெண்டாங் டப்பர்வேரும் அதற்கு முன்னால் வந்த குவே டப்பர்வேரும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றின் மூடியை மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம், அடுத்த மாதம் வரும். ஆ பேக், உங்கள் இடது கால் செருப்பு அன்றைக்கு என் வீட்டிலேயே தங்கிவிட்டது, கழுவி வைத்திருக்கிறேன். பகாவலி இலை வேண்டும் என்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், ஒன்பது மணிக்கு முன்னால்.

இப்படிக்கு,
முருங்கை மரத்து வீட்டுக்காரன்
ஆயர் ஈத்தாம், பினாங்கு